பைக்குக் காவலிருந்த மச்சி

என் பீரோவின் அடித்தட்டில் ஓர் ஈரிழைத் துண்டு கிடக்கிறது. சிவப்புக் கரை போட்டது, ஓரம் பிரிந்துவிட்டது. மச்சியுடையது. அண்ணன் மனைவியை எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம். சாரல் தொடங்கி மலையில் மேகம் இறங்கியதும் இந்தத் துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் மாற்றுப் புடவையையும் ஒரு வயர்கூடையில் திணித்துக்கொண்டு, "குத்தாலத்துக்குப் போயிட்டு வாரோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு எங்களையும் இழுத்துக்கொண்டு கிளம்புவாள். தெரு நம்பியது. நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை சத்தமும்.

அப்போது வாசுதேவநல்லூரில் இருந்தோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் வளைகுடாவில். அண்ணன் துபாயில், என் வீட்டுக்காரர் சவுதியில். ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா மச்சி வீட்டு முற்றத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினார். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய் முற்றுவதற்குப் பல வருடங்கள் முன்பே அடையாளம் காட்டிவிடுமாம். அப்போதே கண்டுபிடித்தால் புற்றாக மாறவிடாமல் தடுத்துவிடலாம். வலி வந்தபிறகு பார்க்கலாம் என்றிருந்தால் காரியம் கெட்டுவிடும். முப்பது வயது தாண்டிய கல்யாணமான பெண்கள் எல்லாரும் ஒரு தொந்தரவும் இல்லாதபோதே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், சின்னப் பெண்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது என்றார். எல்லாரும் மண்டையை ஆட்டினோம், டீ குடித்தோம். ஒருத்தியும் போகவில்லை. புருஷன் ஊரில் இல்லாதவள் அந்த இடத்தைக் காட்டப் போனாள் என்று தெரிந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? நோயைவிட அந்தப் பேச்சுக்குத்தான் எங்களுக்குப் பயம்.

மச்சிதான் வழி கண்டுபிடித்தாள். குற்றாலத்தில் குளிக்கப் போகிற பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. போகிற வழியில் தென்காசியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேனைப் பேசி, நாலைந்து பேராகக் கூட்டிப்போனாள். உள்ளே போனால் ஊசியில்லை, கத்தியில்லை. ஒரு மருந்தைத் தடவிப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இதற்கா இவ்வளவு நடுங்கினோம் என்று சிரித்துக்கொண்டே வெளியே வருவோம். பிறகு ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்று நன்றாக நனைந்து, ஈரத்தலையோடு ஊர் திரும்புவோம். ஈரத்தலைக்கு மேல் சாட்சி வேண்டுமா? பக்கத்து வீட்டு மாமிக்கு அப்படிப் போன இடத்தில்தான் மருந்து தடவிய இடம் வெள்ளையாகத் தெரிந்து, புற்றாவதற்கு முன்பே சின்னச் சிகிச்சையோடு தீர்ந்தது. இன்றைக்கும் தெருவில் எல்லாரோடும் வம்பிழுத்துக்கொண்டு கல்லுமாதிரி இருக்கிறார்.

மச்சி மட்டும் ஒருமுறையும் உள்ளே போகவில்லை. "நீங்க போங்கட்டி, நான் பைக்குக் காவல் இருக்கேன்" என்று எல்லார் கூடையையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். இந்த நைந்த துண்டை எவள் தூக்கிக்கொண்டு போகப் போகிறாள் என்று நான் கேலி பண்ணுவேன். ஒருநாள் அருவிக்கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தவளை விடாமல் கேட்டேன்.

"புள்ள பெறாத வயித்துல என்ன இருக்கப் போவுது" என்றாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நர்ஸம்மா சொன்னாரே என்றேன்.

"தெரியும்ட்டி. அந்தச் சீட்டு எழுதுத மேசையில மொதல்ல என்ன கேக்காவ? எத்தன புள்ளன்னு. அதுவும் சத்தமா. வரிசையில நிக்கவ எல்லாம் நம்ம மூஞ்சியப் பாப்பாளுவ."

துண்டைப் பிழிந்து உதறினாள்.

மாதவிலக்கு நின்று சில வருடங்கள் கழித்து அவளுக்கு மறுபடி உதிரம் பட்டது. யாரிடமும் சொல்லாமல் தானே துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். அவ்வளவு பெரிய வீட்டில் அவள் ஒருத்திதானே, யார் பார்க்க? அண்ணன் லீவில் வந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது நோய் பரவிவிட்டிருந்தது. எந்தக் கேள்விக்குப் பயந்து வெளியே உட்கார்ந்திருந்தாளோ அதையே அங்கே ஒவ்வொரு அறையிலும் கேட்டார்கள். "இல்ல" என்றாள், ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டே. நான் கூடவே நின்றிருந்தேன். அடுத்த சாரலுக்கு அவள் இல்லை.

இப்போது நான் தென்காசியில் இருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் சவுதியில், பிள்ளைகள் சென்னையில். நாளெல்லாம் பேச்சுத்துணைக்கு டிவிதான். இந்த வருடம் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டிய முறை வந்தது. இப்போதெல்லாம் பெண்கள் நேராகவே போகிறார்கள், குற்றாலத்தைச் சொல்லி யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆனாலும் துண்டைக் கூடையில் வைத்துக்கொண்டுதான் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கேள்வியைத் திரைக்குப் பின்னால் வைத்து மெதுவாகக் கேட்டார்கள். மச்சி இருந்திருந்தால் உள்ளே வந்திருப்பாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, யாருமில்லை என்றேன். ஒன்றுமில்லை, நல்லபடியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லவும் எனக்கு ஆளில்லை.

வராந்தாவில் அதே பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தேன். பக்கத்தில் தனியாக வந்திருந்த ஒரு பெண், தன் பெயரைக் கூப்பிட்ட பிறகும் எழாமல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பையப் பாத்துக்கிடுதியளாக்கா?" என்றாள் கடைசியில்.

"குடு. நான் உள்ள போயிட்டு வந்தாச்சு, நீ போ" என்றேன்.

அவள் திரும்பி வரும்வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். துண்டு நனையாமலே வீட்டுக்கு வந்தது.