முதுகு காட்டி உட்கார்ந்த குடும்பம்

நான் போட்ட முதல் காப்பித்தூள் விளம்பரத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து காப்பி குடித்தது. ஆனால் ஒருத்தருக்கும் முகம் கிடையாது. எல்லாரையும் முதுகு காட்டி உட்கார வைத்திருந்தேன்.

காரணம் எங்கள் அம்மா. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் அத்தாவுக்கு மளிகைக்கடை; கடைக்குப் பின்னாலேயே வீடு. "தொழுவுற ஊடு கண்ணு, உருவம் ஆகாது, மூஞ்சி மட்டும் போடாத" என்று நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே சொல்லிவிட்டாள். திட்டவில்லை, படத்தைக் கிழிக்கவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கடையில் பவுடர் டப்பா, பிஸ்கட் பாக்கெட் என்று எத்தனையோ முகம் சிரிக்கிறதே என்று கேட்டால், "அது யாரோ போட்டது, விக்கற சரக்கு. ஊட்டுப் புள்ள போடறது வேற" என்பாள்.

அதனால் சோப்பு, குடை, ஆரஞ்சுப் பழம், வளையல் போட்ட கை, சேலை மடிப்பு என்று போட்டுப் பழகினேன். தலைப்பின்னல் வரைவதில் என்னை அடிக்க ஆள் இல்லை. மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். போஸ்டர் கலர் காயவே காயாது. படத்தை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா சோற்றுப் பானையை நகர்த்தி இடம் கொடுப்பாள். கையைச் சுட்டுக்கொள்ளாதே என்பாள். என் கையைப் பார்ப்பாள், கையில் இருக்கிற படத்தைப் பார்க்கமாட்டாள். வெறும் சோப்புப் படத்தைக்கூட. அதற்குள் ஏதாவது முகம் ஒளிந்திருக்குமோ என்ற பயமோ என்னவோ. எனக்கு வேண்டியதெல்லாம் அவள் ஒரே ஒரு தடவை பார்த்து, நல்லா இருக்கு, இல்லாவிட்டால் கண்றாவியா இருக்கு என்று ஏதாவது ஒன்றைச் சொல்வதுதான். அத்தனை பேர் புழங்குகிற வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளில் சேலத்தில் ஒரு விளம்பர ஆபீஸில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். கையால் படம் போடத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, அதில் வரையக் கற்றுக்கொடுப்பார்கள், தேறினால் வேலை. காலை பஸ்ஸில் இறங்கிப் போய்ச் சாயங்காலம் ஏறி வந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன், அவ்வளவுதான். பஸ்ஸில் யாரோடும் பேச்சு இல்லை. ஆபீஸிலும் நான் ஒருத்திதான் பெண். மதியம் நான் டிபன் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் மரியாதையாக எழுந்து வெளியே போய்விடுவார்கள். அந்த மரியாதையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கேதான் அந்தக் காப்பிப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆபீஸ் நடத்தியவர் அதைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "ஏனுங்க, இவங்கல்லாம் யாரு மேல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க? காப்பி கசக்குதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு மூஞ்சியாவது வேணுங்க. ஒரே ஒரு பொம்பள போதும். முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

மௌஸைப் பிடித்து வரைவது, சோப்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. கோடு கோணினால் ரப்பர் வேண்டாம், ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அது ஒன்றுதான் ஆறுதல். இது நம் வீடு இல்லை, பெட்டிக்குள் இருப்பது வெறும் வெளிச்சம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூக்கு வைத்தேன், வாய் வைத்தேன். கண்ணை மட்டும் அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் ஒரு பெண் டம்ளரும் கையுமாக என்னை நேராகப் பார்த்தாள். வேலை கிடைத்தது. முகம் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஒரு ஆள் இல்லை.

காப்பி விளைகிற ஊரில் யார் பாக்கெட் காப்பி வாங்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நான் போட்ட பெண்ணை அச்சடித்த பாக்கெட் மலையேறி எங்கள் கடைக்கே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தா சரக்குப் பெட்டியைப் பிரித்தார். கரடியூரிலிருந்து சாமான் வாங்க வந்திருந்த ஒரு பெண் அதிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, "ஏனுங்க, இந்தப் படம் நொம்ப நல்லா இருக்குதுங்க" என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கிப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றாள் என்னிடம். "ஆனா பாவம், இவ ஒண்டியா உக்காந்திருக்கா. பக்கத்துல ஒரு ஆள உக்கார வெச்சா என்ன கண்ணு?"

நான்தான்மா போட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அது வீட்டுப் பிள்ளை போட்ட படமாகிவிடும். அந்த நிமிஷமே பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சேலத்துல யாரோ போட்டதும்மா" என்றேன்.