தொழுமரத்தில் நோரீன்

நோரீன் டாக்கெட்டுக்கு அடி புதிதல்ல. மலைப்பக்கத்துச் சுரங்க ஊரில் டுவைட் டாக்கெட்டைக் கட்டிக்கொண்ட நாள் முதல், அவன் குடித்தாலும் அடி, குடிக்க வழியில்லாவிட்டாலும் அடி. கோழி வெட்டும் ஆலையில் நின்று நின்று வீங்கிய காலோடு வந்து சமைப்பாள். உருளைக்கிழங்கு ஆறியிருந்தால் தட்டு அவள் முகத்துக்கே பறந்து வரும். ஒருமுறை அவளுடைய இடக்கை மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். அலறல் கேட்டால் பக்கத்து வீட்டார் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள். குடும்ப விஷயமாம், தலையிடக் கூடாதாம். நல்லவர்கள், நன்றாக இருக்கட்டும்.

கடைசியில் ஒருநாள் பஸ் ஏறி வர்ஜீனியாக் கடற்கரைப் பக்கம் ஓடி வந்துவிட்டாள். அவன் கிட்டே வரக் கூடாதென்று நீதிமன்றத்தில் உத்தரவும் வாங்கினாள். வேலை கிடைத்தது ஒரு விசித்திரமான இடத்தில். அந்தப் பக்கத்தை பிரிட்டிஷ் ராஜா ஆண்ட காலத்து ஊரை அப்படியே கட்டி வைத்து, சீட்டு விற்றுக் காட்டுகிற அருங்காட்சியகம் அது. உள்ளே எப்போதும் 1774தான்.

நோரீனுக்கு பேஷன்ஸ் கோப் என்ற சலவைக்காரி வேடம். காலையெல்லாம் கொப்பரையில் துணி துவைப்பாள். மத்தியானம், ஊரைத் தூற்றும் வாயாடி என்று பிடிபட்டுத் தொழுமரத்தில் நிற்பாள். கழுத்தையும் இரண்டு கைகளையும் கட்டையின் துளைகளில் வைத்து, மேல்கட்டையை இறக்கி, இடது ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி செருகுவார்கள். பிள்ளைகள் ஈரப் பஞ்சை உருட்டி அவள் மேல் எறிவார்கள். முன்பு நசுங்கிய மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னதால், தச்சர் இடப்பக்கத் துளையை மட்டும் கொஞ்சம் அகலமாக்கிக் கொடுத்திருந்தார்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. என்ன ஆனாலும் வேடம் கலையக் கூடாது. உண்மையிலேயே ஆபத்தென்றால் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், அதுதான் அடையாளம். இரண்டு கையும் மாட்டிக்கொண்டு நிற்பவள் தொப்பியை எப்படிக் கழற்றுவாள் என்று எந்தப் புத்திசாலியும் யோசிக்கவில்லை.

காவலர் வேடம் ஹாவர்ட் பர்னலுக்கு. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று முனைத் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டால், சொந்த மனைவியே வந்து கூப்பிட்டாலும் 1774ஐ விட்டு இறங்கமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை நல்ல கூட்டம். பர்னல் கைமணியை ஆட்டி வழக்கம்போல முழங்கினார்.

“நல்லோரே! இவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரேனும் உண்டோ?”

எப்போதும் யாராவது ஒரு குறும்புக்காரர், என் கோழியைத் திருடிவிட்டாள் என்பார், எல்லோரும் சிரிப்பார்கள்.

“நான் இருக்கேன். அவ என் பொண்டாட்டி. வீட்டை விட்டு ஓடி வந்துட்டா.”

நோரீன் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குரலே போதும். எப்படியோ தேடிக் கண்டுபிடித்து, டுவைட் முறைப்படி சீட்டு வாங்கிக்கொண்டு, கையில் அவித்த கடலைப் பொட்டலத்தோடு வந்து நின்றான். கூட்டம் கைதட்டியது.

“இவள் குற்றவாளியா?” என்றார் பர்னல் உற்சாகமாக.

“குற்றவாளி!” அத்தனை பேரும் கத்தினார்கள்.

“கணவரே, இவளை என்ன செய்யலாம்?”

“இதத்தான்” என்று டுவைட் ஓங்கி அறைந்தான். நோரீனின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. கைதட்டல் இன்னும் கூடியது.

“ஐயோ, இது நடிப்பு இல்லீங்க! நெஜமாவே என் புருஷன். கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் ஆர்டர் இருக்கு. யாராவது போலீசுக்குப் போன் பண்ணுங்க!”

“1774ல ஏதும்மா போனு?” என்றான் சிவப்புப் பனியன் போட்ட ஒரு தடியன், தன் போனில் அவளைப் படம் பிடித்துக்கொண்டே. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேடத்தைக் கலைக்கிறாளே என்று பர்னலுக்குக் கோபம். “நாவை அடக்கு, பெண்ணே!” என்று கோலால் தரையைத் தட்டினார்.

தொப்பியையாவது விழவைக்கலாம் என்று நோரீன் தலையை உதறினாள். கடற்காற்றுக்குப் பயந்து காலையில் அவளே நாடாவை இறுக்கி முடிந்திருந்தாள். டுவைட் விலாவில் குத்தினான். காதோடு சேர்த்து இன்னொன்று விட்டான். பிறகு இடப்பக்கமாகக் கட்டையின் மேல் கவிழ்ந்து, ஒரு கையால் அவள் குரல்வளையைப் பிடித்தான்.

“மரியாதையா வீட்டுக்கு வா. இல்லேன்னா இங்கயே முடிச்சிருவேன்டி. பாரு, கைதட்டிக்கிட்டே பாத்திட்டிருப்பாங்க.”

அவன் சொன்னது உண்மை. கண் இருண்டு வந்த அந்த நேரத்தில் நோரீனுக்கு வந்தது பயமல்ல, வெறி. இடக்கையைத் தோல் உரிய உரிய இழுத்தாள். வெளியே வந்த கையால் ஆணியைப் பிடுங்கி எறிந்து, பிடரியும் கையும் சேர்த்து மேல்கட்டையை மேலே தள்ளினாள். கனத்த ஓக் கட்டை எகிறி டுவைட்டின் மோவாயில் மோதியது. இரண்டு பல் தெறிக்க மல்லாந்து விழுந்தான். விழுந்தவன் சும்மா இருக்கவில்லை. ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைப் பிடித்தான். பர்னலின் கோலைப் பறித்து அந்தக் கையில் இறக்கினாள். கதவிடுக்கில் அவள் மணிக்கட்டை நசுக்கிய அதே கை. எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசை வரை கேட்டது.

“போலீசக் கூப்பிடுங்கய்யா! நெஜ ரத்தம்யா!” என்று டுவைட் அலறினான்.

“1774ல ஏதுப்பா போனு?” என்றான் சிவப்புப் பனியன். அன்றைக்கு அதற்குத்தான் அதிகமான கைதட்டல்.

நோரீனுக்குத் துளியும் இரக்கம் வரவில்லை. நாடாவை அறுத்துத் தொப்பியைப் பர்னலின் காலடியில் எறிந்தாள். கிழிந்த உதட்டோடு, அவருடைய குரலிலேயே கூட்டத்தைப் பார்த்து முழங்கினாள்.

“நல்லோரே! இவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரேனும் உண்டோ?”

சிலர் சிரித்தார்கள். அவள் மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் நின்றது. பர்னல் தரையில் கிடந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு தன் மூன்று முனைத் தொப்பியைக் கழற்றினார். 

“நான் சொல்றேம்மா” என்றார். “யோவ், யாராவது போன் பண்ணுங்கய்யா. இது ஆட்டம் இல்ல.”

சிவப்புப் பனியன்காரன் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு போலீசுக்குப் போன் செய்தான்.