தருமபுரி தியேட்டரில் யோசிக்கிறவர்களைப் பார்த்தேன்

சனிக்கிழமை காலை 7.10. அரூர் பேருந்து நிலையத்தில் தருமபுரி பஸ் ஏறினேன். தூரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். என்னிடம் கார் இருக்கிறது, அதற்கு டிரைவரும் இருக்கிறார். ஆனால் காரில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன். பஸ்ஸில் போனால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நான் போட்ட போர்வெல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். மொரப்பூர் வருவதற்குள் பதினேழு பார்த்தேன். அதில் மூன்றுதான் வற்றிப்போனவை.

படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். கிணறு வெட்டும் கூலியாக ஆரம்பித்து, இன்று போர் போடும் ரிக் வண்டி இரண்டு சொந்தமாக வைத்திருக்கிறேன். ஆயிரம் அடிக்குக் கீழே என்ன கல் இருக்கிறது என்று மண்ணைக் கையில் வாங்கிச் சொல்வேன். இந்தத் தாலுகாவில் அப்படிச் சொல்ல வேறு ஆள் இருந்தால் காட்டட்டும்.

"எங்கீங்க, கலெக்டர் ஆபீஸுக்கா?" என்றார் கண்டக்டர்.

"சினிமாவுக்கு."

"காலங்காத்தாலயா? என்ன படங்க?"

"தத்துவம் பேசறவங்களப் பத்தின படம். எல்லாம் இப்ப உசுரோட இருக்கற ஆளுங்க."

"சண்டை இருக்குதுங்களா?"

"இருக்கும். வாயாலதான்."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போனார்.

நான் போனது படத்துக்காக இல்லை, என் மகள் தேன்மொழிக்காக. சென்னையில் தத்துவம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, "அதப் படிச்சா சோத்துக்கு ஆகுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு தீபாவளிக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள். தான் செய்கிற வேலையை ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை. போன வாரம் அவளாகவே போன் செய்தாள். "அப்பா, ஒரு படத்துக்கு அடியில ஓடற தமிழ் நான் எழுதியிருக்கேன். தருமபுரியில ஒரு காட்சி போடறாங்க. வந்து பாக்கறீங்களா?" ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

8.35. தருமபுரியில் இறங்கி, ஒரு ஓட்டலில் இட்லியும் வடையும் சாப்பிட்டேன். நாற்பத்தைந்து ரூபாய். சாம்பார் பரவாயில்லை, சட்னியில் தேங்காய் குறைவு.

9.40. தியேட்டர். டிக்கெட் எண்பது ரூபாய். தேன்மொழி வாசலிலேயே நின்றாள். முகம் வாடியிருந்தது. மேனேஜர் கையைப் பிசைந்தபடி சொன்னார், "இருபது பேராவது இல்லாம ஓட்ட மாட்டோமுங்க. இப்ப பதிமூணு பேர்தான்."

"மீதி ஏழு டிக்கெட்டையும் நானே வாங்கிக்கறேன்," என்றேன்.

"வேணாம்பா," என்றாள் மகள். "காலி சீட்டுக்குப் படம் காட்டவா நான் வந்தேன்?"

அதுவும் சரிதான். ரோட்டுக்குப் போனேன். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் நான்கு பேர், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு டாக்டர் மதியம்தான் வருவார் என்று உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டி, கொய்யாப்பழக் கூடையோடு பச்சையம்மா என்றொரு வியாபாரி. "ஏசி இருக்குது, டிக்கெட் என்னுது," என்றேன். இந்த வேலையை வேறு யாரிடம் விட்டிருந்தாலும் அரை நாள் ஆகியிருக்கும். எனக்குப் பத்து நிமிஷம்.

10.15. படம் ஆரம்பித்தது. கப்பலில் போகும் ஒருவர், நாயோடு நடக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, டெல்லிப் பக்கம் ஒரு காலேஜ் வாத்தியார். கேள்வி கேட்கிறார்கள், அவர்கள் பதில் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வாத்தியார் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் சும்மா உட்கார்ந்துவிட்டார். கண் மட்டும் எங்கேயோ பார்க்கிறது. கால் நிமிஷம் ஆயிற்று. படம் நின்றுபோச்சு என்று ஆட்டோக்காரர்கள் விசில் அடித்தார்கள். "ஆபரேட்டர், தூங்கிட்டியா?" என்று ஒருத்தர். நானும் கை தட்டினேன். அப்புறம் வாத்தியார் கண்ணைச் சிமிட்டினார். ஆள் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கு அது பிடித்திருந்தது. எழுநூறு அடியில் தண்ணீர் வராதபோது நிலத்தின் சொந்தக்காரரான காட்டுக்காரர், "இன்னும் ஓட்டலாமா?" என்று கேட்பார். நான் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் பேசாமல் நிற்பேன். அந்த நேரத்தில் என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

பக்கத்தில் பச்சையம்மா. மடியில் கூடை. திரையில் நாயோடு நடந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். "ஏங்க, எனக்கு எழுத்து தெரியாதுங்க. அந்தம்மா என்ன சொல்லுது?"

படித்துச் சொல்லத்தான் பார்த்தேன். வரி பெரிய வரி. நான் ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டிப் படிக்கிறவன். 'நாம் ஒருவரையொருவர் முழுமையாக அறிந்துகொள்ள இயலாது என்பதே நம்மை' என்பது வரைக்கும் வந்தேன், வரி போய்விட்டது. சும்மா இருக்க முடியுமா? "யாரும் யாரையும் முழுசாத் தெரிஞ்சுக்க முடியாது, அதான் நம்மளச் சண்டை போட வைக்குதுன்னு சொல்றாங்க," என்று நானே முடித்துவிட்டேன்.

"அது வாஸ்தவம்," என்றது பச்சையம்மா. அதற்குப் பிறகு எல்லா வரியும் பாதி படம், பாதி நான்.

11.00. ஒன்றரை மணி நேரப் படத்துக்கும் இடைவேளை விட்டார்கள். பப்ஸ் இருபத்தைந்து ரூபாய், உள்ளே வெங்காயம்தான். தேன்மொழி வந்தாள்.

"அப்பா, படிக்க நேரம் போதுதா?"

"எனக்கா? தாராளமாப் போதுது," என்றேன்.

"ஐயா எனக்கும் சேத்துப் படிச்சுச் சொல்றாருங்க," என்றது பச்சையம்மா.

மகள் முகம் தெளிந்தது. "அப்ப சரி. இத இங்க போட்டதே அதுக்குத்தான்பா. அதிகம் படிக்காதவங்களுக்கும் வரி புடிபடுதான்னு பாக்கணும். உங்களுக்குப் போதும்னா எல்லாருக்கும் போதும். திங்கக்கிழமை முடிச்சுக் குடுத்துடறேன்."

மீதிப் பப்ஸைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன்.

இடைவேளைக்கு அப்புறம் வந்த படம் எனக்கு ஞாபகமில்லை. என் ரிக்கில் துளை போடும் டிரில்லர் ஒருவன் இருந்தான். நல்ல வேலைக்காரன். ஒருநாள் ஈரம் வராமலே ஈரம் வந்துவிட்டது என்று காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டான். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினேன். வேலையில் பொய் சொல்கிறவன் என் வண்டியில் ஏறக்கூடாது என்று ஊருக்கே சொன்னவன் நான்.

12.00. வாசல் டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். பாதி டீயில் சொன்னேன்.

"பாப்பா, எனக்குப் பாதி வரிதான் கெடைச்சுது. மீதிய நானே கட்டிச் சொன்னேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த வரி?"

நாய் அம்மாவின் வரியைச் சொன்னேன். சண்டை போட வைக்கிறது என்று நான் சேர்த்ததையும் சொன்னேன்.

"பேச வைக்கிறதுன்னு சொல்லுவாங்கப்பா அவங்க. முழுசாத் தெரியாததாலதான் பேசறோம்னு."

பச்சையம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானுங்களே," என்று சொல்லி நடந்தது. தேன்மொழி சிரித்தாள். பல வருஷம் கழித்து என் எதிரில் சிரித்தாள். "நான் சென்னைக்கு இன்னிக்குப் போகல. உங்க கூட வூட்டுக்கு வர்றேன். எல்லா வரியையும் ஒருக்கா படிச்சுக் காட்டுங்க," என்றாள்.

12.30. அரூர் பஸ். இரண்டு டிக்கெட். மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒவ்வொரு வரியாய் ஓட்டினாள். நான் படிப்பேன், வரி போய்விடும், நான் நின்ற இடத்தில் அவள் வரியை வெட்டிச் சின்னதாக்குவாள். காலையில் இதே ரோட்டில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவன், திரும்பும்போது என் போர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் படம் இனி எந்த ஊரில் ஓடினாலும் வரியின் நீளம் என் அளவு. அதை யாரும் மறுக்க முடியாது.

மொரப்பூர் தாண்டியதும் நாய் அம்மா திரும்ப வந்தார். புது வரி ஓடியது. 'நாம் யாரையும் முழுதாய் அறிவதில்லை. அதனால்தான் பேசுகிறோம்.'

வரி மறைவதற்குள் படித்து முடித்தேன். திரும்பி மகள் முகத்தைப் பார்க்கவும் நேரம் இருந்தது.