கை கோக்காத வரிசை

பி.டி. மிஸ் டெபோரா பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி இல்லை. கபடி ஆடிய காலத்தில் எதிரணிக்காரிகளைக் கணுக்காலோடு பிடித்துக் கவிழ்த்தவள். திருத்தணி பஸ்ஸில் படியில் தொங்கும் பையன்களைக் காதைப் பிடித்து உள்ளே இழுத்தவள். பயம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அவளுடைய திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்கு ரக்பி அணி வேண்டும் என்று மேலிடம் சொன்னது. சென்னையில் ஆறு நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்தாள். அணிக்கு ஏழு பேர், பந்து முட்டை வடிவம், கையால் முன்பக்கம் எறியக்கூடாது, பந்தோடு ஓடுகிறவளைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். இது போதாதா என்று தன் கபடிப் பிள்ளைகளையே இறக்கினாள். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். தடுக்கும்போது ஏழு பேரும் ஒரே வரிசையாக முன்னேற வேண்டும் என்றாள். உடனே ஏழும் கபடியில் சங்கிலி போடுவதுபோலக் கை கோத்துக்கொண்டன. பார்க்க அழகாக இருந்தது. மிஸ் கைதட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் தன்மேல் ஆத்திரம் வரும்.

முதல் பந்தயத்திலேயே ஒருத்தி பந்தோடு ஓடிவந்து கோத்த கைகளின் நடுவே மோதினாள். சுலோச்சனாவின் தோள்மூட்டு விலகிவிட்டது. அந்த அலறல் டெபோராவின் காதை விட்டுப் போகவே இல்லை.

அன்றிலிருந்து பயிற்சியில் ஒரே பல்லவிதான். "கைய உடுங்கடி. பக்கத்துல இருக்கறவள கண்ணால பாரு, வாயால கூப்புடு. அவ ஓரடி வெச்சா நீயும் ஓரடி."

பிள்ளைகள் ஒழுங்காகத்தான் செய்தார்கள், பயம் வராதவரைக்கும். பயம் வந்தால் கை தானாகப் பக்கத்துக் கையைத் தேடும். அதிலும் கனகம்மாசத்திரத்து அனுசுயா மகா மோசம். பதினாலு வயது, எலும்பும் தோலுமாக இருப்பாள். அவள் அம்மா கௌரியம்மாள் கழனி வேலைக்குப் போகிறவள். மகளை விளையாட அனுப்பக் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்.

"உங்கள நம்பித்தான் உடறேன் மிஸ். கை காலு நல்லா திரும்பி வந்தா போதும்."

அன்றிலிருந்து தினமும் அனுசுயாவின் கை காலைப் பார்த்துவிட்டுத்தான் டெபோரா அவளை வீட்டுக்கு அனுப்புவாள்.

சனிக்கிழமை ஆந்திராப் பக்கத்திலிருந்து ஓர் அணி ஆட வந்தது. அதில் ஒருத்தி கதவு அகலம் இருந்தாள். அனுசுயாவை உட்காரவைத்துவிடலாமா என்று டெபோரா தவித்தாள். மாற்று ஆளுக்குக் காய்ச்சல்.

"என் பக்கத்துல நிக்கட்டும் மிஸ்" என்றாள் சுலோச்சனா. தோள் தேறி அவள் அணிக்குத் திரும்பியிருந்தாள்.

கடைசி மூன்று நிமிஷம். திருத்தணிப் பெண்கள் ஐந்து புள்ளி முன்னால் இருந்தார்கள். அந்தப் பெரியவள் பந்தை இடுக்கிக்கொண்டு நேராக அனுசுயாவை நோக்கி வந்தாள். வரிசை முன்னேறியது. அனுசுயாவின் கை மெல்லப் பக்கவாட்டில் நீண்டது. வெளியே நின்ற டெபோரா ஒரு காலைக் கோட்டின்மேல் வைத்துவிட்டாள்.

சுலோச்சனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "உடுடி. வா."

அனுசுயா போனாள். குனிந்து அந்தப் பெரியவளின் தொடையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் விழுந்தார்கள், அனுசுயா அடியில். பந்து நழுவித் திருத்தணிப் பெண்கள் பக்கம் உருண்டது. அதற்குமேல் டெபோராவுக்கு எதுவும் தெரியவில்லை. "ஏசப்பா" என்று கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள்.

நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் உள்ளே வந்தது தப்பு, பந்து எதிரணிக்கு.

டெபோரா அனுசுயாவின் தோளையும் முழங்கையையும் மாறி மாறித் தடவினாள். "எங்கடி வலிக்குது?"

"ஒன்னும் இல்ல மிஸ்." அனுசுயா உதட்டு மண்ணைத் துப்பினாள். "பந்து நம்மகிட்ட வந்துகினு இருந்துச்சே. நீங்க ஏன் உள்ள வந்தீங்க?"

மற்ற ஆறு பேரும் அதற்குள் வரிசையாக நின்றுவிட்டார்கள். யார் கையும் யாரையும் தொடவில்லை. அனுசுயா எழுந்து ஓடித் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

டெபோரா வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கத் துடித்தது, பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அனுசுயாவின் குரல் கேட்டது.

"மிஸ் போய்ட்டாங்களா?"

"ஆங், போய்ட்டாங்க" என்றாள் சுலோச்சனா. "இப்ப முன்னால ஏறு."