அடிவயிற்றில் அடைப்பு, காலில் வலி

கால் வலி என்று வருகிறவர்களின் அடிவயிற்றைத் துழாவுவதுதான் என் பிழைப்பு. தொப்புளருகே பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிந்து இடுப்புக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அதில் அடைப்பு உண்டா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டு ஓய்ந்துபோகிற வேலையில் நீங்களும் இருந்தால், என் பாடு புரியும். உதாரணத்துக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி கலியபெருமாள் ஒருவரே போதும்.

வேட்டி முடிச்சு

வேட்டியைச் சற்றுத் தளர்த்தச் சொன்னேன். இரண்டு கைகளாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். என் நரைத்த தலைக்குக்கூட மரியாதை இல்லை. மனைவி தையல்நாயகி அதட்டிய பிறகு நாலு விரற்கடை இறங்கியது.

"வலி கெண்டைக்கால்லம்மா. வயித்துல என்னத்தத் தேடுறீங்க?"

எவ்வளவு தூரம்?

எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கும் என்று கேட்டேன். வயல் முழுக்கச் சுற்றி வருவேன், ஒன்றும் செய்யாது என்றார். பீடியையும் விட்டாயிற்றாம், சட்டைப் பையில் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவர் கழிவறைக்குப் போன சமயம் தையல்நாயகி என் பக்கம் குனிந்தார்.

"வயலுக்கு வயல் வரப்புல நின்னுருவாரும்மா. பயிரப் பாக்குறாருன்னு ஊரே மெச்சுது. வலிக்கு நிக்கிறாருன்னு எனக்குத்தான் தெரியும்."

முறை

வலது பக்கக் குழாய் நூலாகச் சுருங்கியிருந்தது. கால் கட்டைவிரல் நீலம் பூத்திருந்தது. உடனே குழாயை விரித்து ஸ்டென்ட் வைக்காவிட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். நடவு முடியட்டும் என்றார் கலியபெருமாள். பொறுக்காமல் நானே எடுத்துச் சொன்னேன்: தலைப்பில் வாய்க்கால் அடைத்தால் கடைமடை காயாதா? அவர் முகம் தெளிந்தது. புரிந்துவிட்டது என்று நான் நினைத்தது தப்பு.

"தண்ணி கொறஞ்சா நாங்க முறை வச்சு விடுவோம்மா. ஒரு நா அந்தக் கால், ஒரு நா இந்தக் கால். அப்படி எதாச்சும் மாத்திரை இருக்கா?"

சூடு

நடவு முடிந்து வந்தபோது விரல் கரிக்கட்டை. ஸ்டென்ட் வைத்தார்கள்; கால் தப்பியது, விரலை எடுத்தாயிற்று. மறுபடி ஸ்கேனுக்கு வந்தார். குழாயில் ரத்தம் தங்குதடையில்லாமல் ஓடியது. நான் திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன், இருவரும் பார்க்கவில்லை. தையல்நாயகி கட்டுப்போட்ட பாதத்தை இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். காலை விடு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்று கலியபெருமாள் முணுமுணுத்தார். அந்தம்மாள் விடவில்லை.

"மூணு வருசமா சில்லுன்னு கெடந்த கால். இப்பத்தாங்க மனுசன் கால் மாதிரி சுடுது."

அடைப்பைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் போதும், அதை அடைப்புக்குச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்வதற்குத்தான் ஒரு நடவும் ஒரு கட்டைவிரலும் செலவாகின்றன.