ஒரு கை நீண்ட வெல்வெட் சட்டை

கண்டிச் சீமாட்டிகள் ஒரு காலத்தில் ஒரு கை நீளமாகவும் மறு கை அளவாகவும் சட்டை போட்டுத் திரிந்தார்கள் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். முப்பதுகளின் தொடக்கம் அது. கொழும்பு வரை பரவிய அந்த மோஸ்தரைத் தொடக்கி வைத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. பெருமையடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு மடவளையில். வாப்பாவுக்குக் கண்டி டவுனில் தையல் கடை. பெண்களுக்கும் தைப்பார், ஆனால் அந்நியப் பெண்ணைத் தொட்டு அளவெடுக்கமாட்டார். அது உம்மாவின் வேலை. உம்மாவுக்கு எழுத வராது. ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நூல், நுனியில் முடிச்சு. வலது கைக்கு ஒரு முடிச்சு, இடது கைக்கு இரண்டு, இடுப்புக்கு மூன்று. அந்த வருஷம் உம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்ததால் நூல்கட்டு என் கைக்கு வந்தது. ராணி உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தேன்.

தெல்தெனிய போகும் வழியில், குன்றின் மேல் மாளிகையாக நின்ற பெரிய வலவ்வையில் குமாரிஹாமி என்ற சிங்களச் சீமாட்டி இருந்தார். பழைய பிரதானிகளின் வம்சம். கணவர் இறந்த பிறகு அவருடைய நாலுமூலைத் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, தானே கார் ஓட்டிச் சந்தைக்கு வருவார். சுருட்டுப் பிடிப்பார். ஊர் அவரைப் பற்றிப் பேசி ஓய்ந்ததே இல்லை. ஆனால் ஓவியர்களுக்கு அவர் என்றால் உயிர். கடல் கடந்து வந்து மாதக்கணக்கில் தங்கி அவரையே வரைவார்கள். அவர் புதிதாக எதை உடுத்தாலும் அதைப் பார்த்துத் தைப்பதற்கென்றே கொழும்பிலிருந்து உடுப்புத் தைக்கும் பெண்கள் ரயிலேறுவார்கள்.

அப்படி ஒரு வெள்ளைக்கார ஓவியர் வந்திருந்தபோதுதான் குமாரிஹாமி வாப்பாவை அழைத்தார். சீமையிலிருந்து வந்த சிவப்பு வெல்வெட், ஒரே துண்டு. அதில் நீளக்கைச் சட்டை தைக்க வேண்டும். வாப்பா வாசலில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

வலது கைக்கு, நூல் எதுவரை வரவேண்டும் என்று குமாரிஹாமியே மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். இடது கைக்கு வந்தபோது, சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரை நோக்கிக் கையை நீட்டி ஏசத் தொடங்கிவிட்டார். நீட்டிய கை வளையல்களால் நிறைந்திருந்தது. அந்த ஏச்சுக்கு நடுவே எங்கே நிறுத்துவது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நடுவிரலில் ஒரு நீலக்கல் மோதிரம் மின்னியது. நிறுத்துவதற்கு நல்ல இடமாகப் பட்டது. அங்கே நிறுத்தி இரண்டு முடிச்சுப் போட்டேன்.

வாப்பா வெட்டுவதற்கு முன் இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது சரியா மகள்?"

"அவங்கதான் அப்புடிச் செல்லினாங்க," என்றேன். கூசாமல் சொன்னேன். வேறு யாராவது என்றால் வாப்பா நம்பியிருக்கமாட்டார். குமாரிஹாமி எதுவும் சொல்லக்கூடியவர்தான். கத்தரிக்கோலை எடுத்தார்.

நானும் வாப்பாவும் சட்டையைக் கொண்டுபோன அன்று வலவ்வையின் பெரிய மண்டபத்தில் ஓவியர் சட்டகத்தை நிறுத்திக் காத்திருந்தார். குமாரிஹாமி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இடது கை விரலை மூடித் தொங்கியது. வீணானது சீமை வெல்வெட். வலவ்வைக்காரர் கைவிட்ட தையற்காரனிடம் கண்டியில் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கக் கொடுக்கமாட்டார்கள்.

"இப்படித் தைக்கச் சொன்னது யார்?" என்று குமாரிஹாமி சிங்களத்தில் கேட்டார்.

வாப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் நூல்கட்டைப் பார்த்தேன்.

"யாரும் செல்லல்ல, குமாரிஹாமி. அளவு சரி. வெட்டினது நான். என்ட பிழ," என்றார். கோட்டில் ஒரு பொத்தான் கோணினாலும் பிழை என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர்.

குமாரிஹாமி நிலைக்கண்ணாடியின் முன் போய் நின்றார். நீண்ட கையை மேலே தூக்கினார். துணி சரிந்து வளையல்கள் குலுங்க, விரல்கள் வெளியே வந்தன. கையைத் தாழ்த்தினார். மறைந்தன. இன்னொரு தடவை செய்தார். பிறகு கலகலவென்று சிரித்தார். ஓவியர் ஏதோ கத்திக்கொண்டே தூரிகையைத் தேடினார். கழற்றித் திருத்தித் தருகிறேன் என்று வாப்பா கெஞ்ச, "தொட்டால் தெரியும்!" என்று குமாரிஹாமி அதட்டி, தூக்கிய கையோடு அப்படியே நின்றுகொண்டார்.

அந்தப் படம் கொழும்பில் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பிறகு எங்கள் கடை வாசலில் கார்கள் நின்றன. எல்லோருக்கும் அந்தக் கைதான் வேண்டும். வாப்பாவைக் கலைஞர் என்றார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நான் போட்ட முடிச்சு, நான் கண்டுபிடித்த நீளம். அதைத் தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிப் பேரைத் தட்டிக்கொண்டவர் வாப்பா. பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பெண்கள், இந்தக் கையை எப்படி யோசித்தீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். இனியும் பொறுப்பதற்கில்லை என்று நான் முன்னால் வந்தேன்.

"அது வாப்பாட வேலயில்ல. நான் எடுத்த அளவு!"

வாப்பா ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓ, அது எங்கட புள்ளட அளவுதான்," என்று அவர்களிடம் சொன்னார்.

கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று, அன்று மடவளை வரும்வரை பஸ்ஸில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். போனால் போகட்டும் என்று அவரை மன்னித்தும் விட்டேன்.