மிளகாய் அரைத்த வைரவர்

எங்கள் காணியில் விடியற்காலையில் உலாவித் திரிந்தது இரண்டு பேர்தான். ஒன்று முயல், மற்றது ஐயா. முயலுக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னைப் பெற்ற ஐயாவுக்குக் கேளாது. ஒரு கடும் காய்ச்சலோடு போன செவி அது, திரும்பி வரவேயில்லை. வலது காதோடு வாயை ஒட்டிக் கத்தினால் பாதி விளங்கும். மீதியை அவரே தன் விருப்பத்துக்கு நிரப்பிக்கொள்வார்.

எண்பத்து நாலாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. அம்மா காலமான பிறகு வீட்டில் நானும் ஐயாவும் மட்டும். நான் ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் எங்கள் பனங்காணி. பெரிய பனைகளுக்கு நடுவே, குந்தியிருந்தால் ஆள் தெரியாத அளவுக்கு வடலி, இளம் பனை, மண்டிக் கிடக்கும். காணியின் கடைசியில் எல்லை வேலி. வேலிக்கு அப்பால் இருந்த காணியின் சொந்தக்காரர் கொழும்புக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். காணி புதரும் பற்றையுமாகப் போயிருந்தது. அந்தப் பற்றைக்குள்ளால்தான் வேட்டைக்காரர் வருவார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் நாய். பெரிய மீசை வைத்த ஒருவர்தான் தலைவர். அவருடைய தோளில் ஒரு இடியன் துவக்கு. இடியன் என்றால் மருந்தையும் சன்னத்தையும் குழல் வாயால் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற நாட்டுத் துவக்கு. அந்த நாள்களில் எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் ஊர் முழுக்க ஆமியோ இயக்கப் பொடியளோ என்று யோசிக்கும். நான் மட்டும் முயலோ ஐயாவோ என்று பதறுவேன்.

ஏனென்றால் ஆவணி மாதத்தில் பனம்பழம் விழும். விழுந்த பழத்தை மாடு சப்புவதற்குள் பொறுக்கிவிட வேண்டும் என்பது ஐயாவின் பிடிவாதம். வெளிச்சம் வந்ததும் வராததுமாக மண்ணிறச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, அதே நிறத்துச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனையோலைக் கடகத்தோடு வடலிக்குள் இறங்கிவிடுவார். குனிந்து குனிந்து நகர்வார். காவோலை சரசரக்கும். வெளியே நிற்பவனுக்கு அது முயலா மனிசனா என்று எப்படித் தெரியும்? சத்தம் போட்டு எச்சரித்தாலும் அவருக்குக் கேட்காதே.

ஒருநாள் பணியாரத்துக்குப் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தேன். விரலில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவிப் பார்த்தேன். ஈயச் சன்னம். அந்தப் பழத்தை அன்று காலையில் ஐயா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தவள். பணியாரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சட்டியை மூடிவிட்டு, சன்னத்தை உள்ளங்கையில் வைத்து அவருக்கு நீட்டினேன்.

"இனி விடியக்காலமை காணிக்குப் போகாதேங்கோ!" என்று காதுக்குள் கத்தினேன்.

அவர் சன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ரை காணியிலை நான் போகாமல், முயலோ போறது?" என்றார். கதை முடிந்தது.

ஐயாவை மறிக்க முடியாது என்றால் அவர்களைத்தான் மறிக்க வேண்டும். எல்லை வேலியில், ஒரு வேம்புக்குக் கீழே, நாய்கள் நுழைந்து நுழைந்து ஒரு பெரிய பொட்டு விழுந்திருந்தது. வேலியில் விழுகிற ஓட்டையை நாங்கள் பொட்டு என்போம். அரம் போல் விளிம்புள்ள பனங்கருக்குமட்டை வைத்து இறுக்கிக் கட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்கள். முள்ளுக் கொப்பு வெட்டி அடைத்தேன். அதையும் இழுத்து ஒரு பக்கமாகப் போட்டிருந்தார்கள், ஒழுங்காக அடுக்கி வேறு. நக்கலுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஒருநாள் காத்திருந்து நேரிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, இது ஆற்றை காணியெண்டு தெரியுமோ?"

"தெரியும் தங்கச்சி. நாங்கள் காணிக்குப் பின்னாலையே வாறம்? முயலுக்குப் பின்னாலை வாறம்" என்றார் மீசைக்காரர்.

"எங்கடை ஐயா உதுக்குள்ளைதான் பழம் பொறுக்கிறவர். அவருக்குக் காது கேளாது. ஒருநாளைக்கு முயலெண்டு நினைச்சு அவரைச் சுடப் போறியள்."

"சீச்சீ, எங்கடை கண் என்ன பொட்டையே? பாத்துத்தான் சுடுவம்."

அரசாங்கத்துக்காக ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் போனேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "நான் சொல்லிப் பாக்கிறன் பிள்ளை. ஆனால் முயல் காணி உறுதியைப் பாத்தே ஓடுது?" என்று கேட்டார். தன் பகிடிக்குத் தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருடைய வெற்றிலைப் பையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. வேலிக்கும் பயமில்லை, விதானைக்கும் பயமில்லை என்றால் சாமிக்காவது பயப்பட மாட்டார்களா? அடுக்களைக் கோடியில் ஒரு பழைய அம்மிக்குழவி கிடந்தது. அம்மா காலம் முழுக்க மிளகாய் அரைத்துத் தேய்ந்து, நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருந்தது. ஐயா நித்திரை கொண்ட ஒரு மத்தியானம் அதைக் கழுவி, பொட்டுக்கு முன்னால் வேம்படியில் பாதி புதைத்து நிமிர்த்தி நட்டேன். தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டினேன். திருநீறு பூசிச் சந்தனம் வைத்தேன். வேலிப் பொட்டை அடைக்க நெற்றிப் பொட்டு. கொல்லனிடம் சொல்லிச் செய்வித்த ஒரு சின்னச் சூலத்தையும் பக்கத்தில் குத்தினேன். வைரவர் தயார். வைரவர் உக்கிரமான தெய்வம். மிளகாய் அரைத்த கல் அவருக்குப் பொருத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் கண்டவர் ஐயா. மறுநாள் காலை பழத்தையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பிள்ளை! எல்லையிலை வைரவர் இருக்கிறார்! முந்தி உதிலை ஒரு வைரவர் இருந்தவரெண்டு என்ரை ஐயாவும் சொன்னவர்!"

அவருடைய ஐயா அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் முகத்தில் அத்தனை சந்தோசம். அம்மா போன பிறகு அந்த முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. "ஓமோ ஐயா?" என்று வாயைப் பிளந்து காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் ஒரு பனைக்குப் பின்னால் ஒளித்து நின்றேன். நாய்கள் வந்தன. மீசைக்காரர் வந்தார். கல்லைக் கண்டதும் அப்படியே நின்று, செருப்பைக் கழற்றினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இனித் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மற்ற இருவரையும் பார்த்து, "பாத்தியளே, எங்களுக்கெண்டே வந்திருக்கிறார். நாய்க்காரரல்லோ!" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வைரவருடைய வாகனம் நாய். நாயோடு வருகிறவர்களை மறிக்க, உலகத்தில் எத்தனையோ சாமி இருக்க, நாயில் ஏறி வருகிற சாமியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்! ஒரு பிள்ளையாரை வைத்திருக்கலாம். சைவக்குடியில் பிறந்த ஒருத்திக்கு வரக்கூடிய பிழையா இது? அவர்கள் துவக்கை ஒருமுறை கல்லில் தொட்டு எடுத்துவிட்டு, பொட்டுக்குள்ளால் நுழைந்து போனார்கள். அன்றைக்கென்று அவர்களுக்கு இரண்டு கொழுத்த முயல் கிடைத்தது.

அதோடு வைரவர் கைமாறிப் போனார். அடுத்த கிழமை கர்ப்பூரம் வந்தது. அதற்கடுத்த கிழமை வடைமாலை வந்தது. வேட்டைக்கு முந்திப் படைத்துவிட்டு வடைகளை வாழையிலையில் வைத்துப் போவார்கள். ஐயா அதை எடுத்துவந்து, "வைரவற்றை பிரசாதம்" என்று எனக்கும் தருவார். ஆத்திரத்தோடுதான் தின்பேன். வடை நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் மணியும் வந்தது. மீசைக்காரர் முன்பு றெயில் பாதையில் வேலை செய்தவர். ஏதோ நேர்த்தி வைத்து, அது கைகூடிவிட்டதாம். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வேப்பங் கொப்பில் கம்பியால் தொங்கவிட்டு, அடிக்க ஒரு இரும்பு ஆணியும் வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடங்களில் அடிப்பார்களே, அதே மாதிரி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் காணியில், என் குழவிக்கு, இவர்கள் கோயில் கட்டி முடித்துவிடுவார்கள் போலிருந்தது.

ஆனால் ஐயா அந்த ஆணியை எடுத்து முதல்முதல் அடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். டங் என்று அடித்ததும் அவர் திடுக்கிட்டு ஆணியைப் பார்த்தார். இன்னொரு முறை அடித்தார். அடியின் அதிர்வு கையால் ஏறி முழங்கை வரைக்கும் வந்திருக்க வேண்டும். முழங்கையைத் தடவிக்கொண்டு, "இஞ்சை கேக்குது பிள்ளை" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று தொடக்கம் ஒவ்வொரு விடியற்காலையும் அதே வேலை. போனதும் மணி. பழம் பொறுக்க மணி. பொறுக்கி முடிந்தால் மணி. நான் தையல் மெஷினில் இருந்தபடி காதைப் பொத்துவேன். வீட்டுக்கு வந்ததும், "மணி கேட்டுதோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். "கேட்டுது, கேட்டுது, மெல்லமாய் அடியுங்கோ!" என்று நான் கையைத் தாழ்த்திக் காட்டுவேன். அவருக்கு அது விளங்கவே விளங்காது, அல்லது விளங்காத மாதிரி இருப்பார்.

புரட்டாதி முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலியாண வீட்டுச் சட்டை ஒன்றை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். வேகமாக மிதித்த மெஷின் சத்தத்தில் அன்று வேறு ஒன்றும் கேட்கவில்லை. நூல் அறுந்து நான் நிறுத்திய நேரம், பின்காணிக்குள் வெடி வெடித்தது. அவ்வளவு கிட்டத்தில் அதுவரை வெடித்ததில்லை. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாய் கூடக் குரைக்கவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பில்லை. கருக்கு காலைக் கிழித்ததும் தெரியாது. "ஐயா, ஐயா" என்று கத்திக்கொண்டு ஓடினேன், அவருக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டே. அந்த ஓட்டத்தில் அவரை மண்ணிறச் சாரத்தோடு, கடகம் கவிழ்ந்து, வடலிக்குள் குப்புறக் கிடக்கிற கோலத்தில் எத்தனை முறை கண்டேனோ தெரியாது.

வேம்படியில் ஐயா நின்றார். கையில் அந்த இரும்பு ஆணி. தலையிலும் தோளிலும் பிய்ந்த ஓலைத் துண்டுகள். அவற்றைத் தட்டிவிட்டபடி பனையின் உச்சி வட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துமில்லை ஒண்டுமில்லை, ஓலை கொட்டுது" என்றார் என்னிடம்.

நான் அவருடைய தலையைத் தடவினேன், தோளைத் தடவினேன், முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்படியே அவருடைய சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் எத்தனையோ நாளாகக் கிடந்த கல் ஒன்று உருண்டு போனது. அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. உயிர் வந்தது என்பார்களே, அதுதான்.

வடலிக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் நிலத்தில் இருந்தார். துவக்கு ஒரு பக்கம் கிடந்தது.

"வடலி ஆடிச்சுது தங்கச்சி. முயலெண்டுதான் குறி பிடிச்சன். விசையை இழுக்கிற நேரம் மணி கேட்டுது. ஐயாவெண்டு விளங்கி, குழல் வாயை மேலை தூக்கிட்டன். தூக்கிட்டன், தங்கச்சி. வைரவரே."

திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. அதற்குள் அவர் எழும்பி, துவக்கை எடுத்து, சன்னப் பையையும் மருந்துக் குடுவையையும் கழற்றி எல்லாவற்றையும் கூட வந்தவர்களிடம் கொடுத்தார். "இனி இந்த எல்லைக்குள்ளை துவக்குக் கொண்டு வரன். வைரவர் சத்தியம்" என்று என் குழவியைத் தொட்டார். அந்தச் சத்தியத்தை அவர் கடைசிவரை மீறவில்லை. நாயோடும் வடையோடும் மட்டும்தான் வந்தார்.

ஐயாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தனக்குப் பின்னால் துவக்கு வெடித்ததும் தெரியாது. நான் ஏன் அழுகிறேன் என்றும் விளங்கவில்லை. என் காலில் இரத்தத்தைக் கண்டு, "வெறுங்காலோடை ஏன் ஓடி வந்தனி?" என்று ஏசினார். பிறகு வழக்கம் போல ஆணியைத் தூக்கிக் காட்டி, "மணி வீட்டை கேட்டுதோ?" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருந்தது.

வலது காதோடு வாயை ஒட்டினேன். "கேட்டுது ஐயா. நாளைக்கு இன்னும் பலமாய் அடியுங்கோ!"